பட்டறைக்குள் ஒரு சூறாவளி

சூறாவளி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே நம்மவர் நெஞ்சில் எழுவது அச்சமே. 1964ஆம் ஆண்டு மார்கழியிலே வட இலங்கையைத் தாக்கித் தனுஷ்கோடியைக் கடலுக்கு இரையாக்கிய புயலையும், 1978ஆம் ஆண்டு கார்த்திகையிலே மட்டக்களப்பைச் சூறையாடிய புயலையும் கண்ணாற் கண்டோர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆனால் சுழன்றடிக்கும் காற்றை ஒரு தகரக் கூம்புக்குள்ளே அடக்கி, மனிதனுடைய சுவாசத்தைக் காக்கும் காவலாளியாக்கலாம் என்றால் வியப்பாக இருக்கின்றதன்றோ? அவ்வியப்பைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன். எழுதத் தூண்டியவர் என் பழைய மாணவர் ஒருவர்.

அவர் பரம்பரைத் தச்சர். அவருடைய தகப்பனார் செய்த வாங்குகளிலே இன்றும் எம் மாணவர் அமர்ந்து படிக்கின்றனர். சென்ற மாதம் ஒரு மாலை அவர் என் வீட்டுக்கு வந்து, "சேர், அண்ணர் கனடாவிலையிருந்து தூள் இழுக்கிற மெசின் ஒண்டு அனுப்புறன் எண்டு நிக்கிறார். எதை அனுப்பச் சொல்லுறதெண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரு முறை இருமினார். அவ்விருமலை நான் முன்பும் கேட்டிருக்கின்றேன். அது அவருடைய தகப்பனாரின் இருமல். கடைசிக் காலத்திலே அம்முதியவர் திண்ணையிற் படுக்கவியலாது, சாய்மனைக் கதிரையில் அமர்ந்தபடியே இரவைக் கழித்தார். "சுருட்டுத்தான் காரணம்" என்று ஊரவர் கூறினர். சுருட்டுக்கும் பங்கு இருக்கலாம்; ஆனால் நாற்பது ஆண்டுகளாக அவர் விழுங்கிய மரத்தூளை எவரும் கணக்கிற் சேர்த்திலர்.

மரத்தூள் இயற்கைப் பொருள்தானே, அதனால் என்ன தீங்கு என்று எண்ணுவோர் பலர். இங்கிலாந்திலே ஹை வைக்கொம் என்னும் ஊர் கதிரை செய்வதிற் பெயர் பெற்றது. அவ்வூரில் மூக்கு, தொண்டை வைத்தியராகப் பணியாற்றிய எஸ்மி ஹாட்பீல்ட் என்னும் பெண்மணி, மூக்கினுள்ளே தோன்றும் அரியதொரு புற்றுநோய் தளபாடத் தொழிலாளரிடையே மிகுந்து காணப்படுவதைக் கவனித்தார். அவரும் அச்செசன் முதலிய அறிஞரும் சேர்ந்து 1968ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே இதனை வெளியிட்டனர். பின்னர் 1995ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது உறுதியான பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. நம் நாட்டு முதிரை மரத்தின் தூளோ தோலிற் பட்டாற் கடியும் தடிப்பும் உண்டாக்கும் என்பது தச்சர் அறிந்ததே.

கண்ணுக்குத் தெரியும் சீவலும் சுருளும் நம்மைக் கொல்வனவல்ல; அவை நிலத்தில் விழுந்துவிடும். தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர். 10 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த துகள்களே சுவாசப்பையின் ஆழத்துக்குச் செல்ல வல்லன. அசையாத காற்றிலே அத்தகைய துகள் ஒன்று மூக்கின் உயரத்திலிருந்து தரையை அடையப் பல நிமிடங்களாகும். 2 மைக்கிரோமீற்றர்த் துகளாயின் பல மணி நேரம் மிதக்கும். வேலை முடிந்து, இயந்திரம் நின்று, காற்றுத் தெளிந்துவிட்டதென்று நாம் நம்பும் வேளையிலும் அது அங்கேதான் இருக்கும். என் மாணவரின் பட்டறையை மாலைதோறும் ஈர்க்கு விளக்குமாற்றாற் கூட்டுபவர் அவருடைய மனைவி. படிந்த தூளை மறுபடியும் காற்றிலெழுப்பி, அதன் நடுவே அரை மணி நேரம் குனிந்து நிற்பவர் அவரே. இதைச் சொன்னபோது மாணவரின் முகம் வாடியது. தமக்கென இயந்திரம் தேட வந்தவர், அதன் பின்பே முழுக் கவனத்தோடு கேட்கலானார்.

இனிச் சூறாவளிக் கூம்பு தொழிற்படும் வகையைக் காண்போம். ஆங்கிலத்தில் இதனைச் 'சைக்குளோன்' என்பர். மேலே உருளையும் கீழே கூம்புமாக அமைந்த ஒரு கலம். தூள் கலந்த காற்று உருளையின் விளிம்போரமாகப் பக்கவாட்டில் நுழைந்து சுழலத் தொடங்கும். கிணற்று வாளியிலே நீர் நிறைத்துத் தலைக்கு மேலாகச் சுழற்றினால் நீர் சிந்தாது வாளியின் அடியை அழுத்தி நிற்பதை மாணவர் அறிவர். அதேபோலத் தூளும் மையநீக்க விசையாற் சுவரை நோக்கி ஒதுக்கப்பட்டு, சுவர் வழியே சறுக்கிக் கீழேயுள்ள பரலுக்குள் விழும். பாரம் நீங்கிய காற்று நடுவே மேலெழுந்து விசிறியை அடையும். நம் கமக்காரர் பொலி தூற்றும்போது காற்று செய்யும் வேலையையே இங்கு சுழற்சி செய்கின்றது எனலாம். கணக்கும் எளிதே: செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்திலே 18 அங்குல விட்டமுள்ள உருளைக்குள் சுழலும் துகளின்மேல், அதன் நிறையைப்போல 170 மடங்குக்கும் மேற்பட்ட விசை தொழிற்படும். உயர்தர வகுப்பு மாணவர் வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்துச் சரிபார்த்துக்கொள்க.

இக்கருவி புதியதன்று. ஜோன் பிஞ்ச் என்பவர் 1885ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1970களின் இறுதியிலே மரவாலையொன்றின் கூரைமேல் இத்தகைய கூம்பைக் கண்ட ஜேம்ஸ் டைசன் என்னும் ஆங்கிலேயர், வீட்டுத் தூசி உறிஞ்சிக்குள்ளும் இதனை அமைக்கலாம் என்று எண்ணி, 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்த பின்னரே வெற்றி கண்டார். பொறுமைக்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

ஆனால் விளம்பரக்காரர் கூறாத ஓர் உண்மையை இங்கே கூறல் வேண்டும். கூம்பு சீவலையும் பருந்தூளையும் ஏறக்குறைய முழுவதும் பிரித்துவிடும். சில மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த நுண்தூளில் ஒரு பங்கு அதனிடமிருந்து தப்பிக் காற்றோடு செல்லும். நம்மைக் கொல்வது அதுவேயாயின் கூம்பினாற் பயன் யாது? கூம்பில்லாத இயந்திரத்திலே சீவலனைத்தும் துணிப்பையில் நிறைந்து அதன் கண்களை அடைத்துவிடும். அடைக்க அடைக்க இழுவை குறையும்; இழுவை குறையவே தூள் பட்டறையிலேயே தங்கும். கூம்பு முன்னே நின்று பாரத்தை வாங்கிக்கொள்வதால், பின்னேயுள்ள வடிகட்டி அடைபடாது, காலையிலிருந்த இழுவை மாலையிலும் இருக்கும். இதுவே அதன் உண்மையான தொண்டு. மிஞ்சும் நுண்தூளுக்குச் சிறந்த வடிகட்டி வேண்டும். அன்றேல் காற்றை வெளியே விடல் வேண்டும். குளிர் நாட்டார் வெளியே விட அஞ்சுவர். விட்டால் அறையின் வெப்பமும் உடன் போய்விடும். நமக்கு அக்கவலை இல்லை. புகைபோக்கியைக் கூரைக்கு மேலாக உயர்த்தி, அயல்வீட்டுச் சாளரத்தையும் கிணற்றையும் நோக்காதபடி திருப்பிவிட்டாற் போதும். வீடுகள் நெருங்கியுள்ள ஒழுங்கைகளிலோ வடிகட்டியே முறை.

தெரிவு செய்பவர் முதலிற் கவனிக்க வேண்டியது காற்றின் அளவு. வட்டவாளிலிருந்து சீவலை மாத்திரம் அகற்ற நிமிடத்துக்கு 350 முதல் 400 கனவடி காற்றுப் போதும். நுண்தூளையும் பிடிக்க அதன் இருமடங்கு வேண்டும் என்பது இத்துறையறிந்தோர் பலர் கருத்து. இக்காற்று செல்லும் குழாயின் விட்டமோ பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மரத்தூள் குழாயிற் படியாதிருக்கக் காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 அடி வேகத்திற் செல்லவேண்டும். அவ்வேகத்திலே 4 அங்குலக் குழாய் 350 கனவடியையும், 6 அங்குலக் குழாய் 785 கனவடியையும் கொண்டுசெல்லும். இரண்டங்குலக் குழாயில் இறைக்க வேண்டிய தோட்டத்துக்கு அரையங்குலக் குழாயைப் பூட்டிவிட்டு இயந்திரத்தை நோவதால் யாது பயன்? சுருக்கு விழுந்த இறப்பர்க் குழாய் உராய்வை மிகுவிக்கும். ஆகவே நேரான வழுவழுப்பான குழாயைப் பூட்டி, இயந்திரத்தை அடையும் கடைசி ஓரிரு அடிக்கே வளையும் குழாயை வைத்துக்கொள்க.

இரண்டாவது, விசிறியின் வலு. கூம்பும் தன் பங்குக்கு அமுக்கத்தில் ஒரு பகுதியை விழுங்கும். ஆதலின் பையோடு வந்த ஒரு பரிவலு விசிறிக்கு முன்னே கூம்பொன்றைப் பூட்டினால் இரண்டும் கெட்டுவிடும். 6 அங்குலக் குழாய்க்கு 3 பரிவலுவாயினும் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் கனவடிக் கணக்கு பெரும்பாலும் குழாயும் வடிகட்டியும் பூட்டாத வெறும் விசிறியின் கணக்கு, அதனை நம்பற்க.

கனடாவிலிருந்து இயந்திரம் அனுப்புவதிலுள்ள இடர்ப்பாடும் இங்கேதான். அங்கே மின்சாரம் செக்கனுக்கு 60 சுற்று, இங்கே 50. வோல்ற்று வேறுபாட்டை நிலைமாற்றி ஒன்றாற் சரிசெய்யலாம். சுற்றை அது மாற்றாது. விசிறி ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். காற்றின் அளவும் அவ்விகிதத்திற் குறையும். அமுக்கமோ வேகத்தின் வர்க்கப்படி 69 வீதமாகிவிடும். அங்கே 1,000 கனவடி இழுத்தது இங்கே ஏறத்தாழ 830 மாத்திரமே இழுக்கும். மோட்டார் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும் அபாயமும் உண்டு. அன்போடு அனுப்பிய பொருள் மூலையிற் கிடந்து துருப்பிடிப்பதை நாம் எத்தனை வீடுகளிற் கண்டிருக்கின்றோம்!

மூன்றாவது, கூம்பின் அடியிலுள்ள பரல் காற்றுப் புகாவண்ணம் மூடப்படல் வேண்டும். மேலே விசிறி இழுப்பதாற் பரலின் உள்ளே அமுக்கம் குறைந்திருக்கும். ஊசி முனையளவு கசிவிருப்பினும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, விழுந்த தூளை மீண்டும் மேலே அள்ளிச் செல்லும். பரல் நிறைந்தாலும் அதுவே நிகழும். முக்காற் பங்கு நிறையுமுன் கொட்டிவிடுக. அவ்வேளையிலே பீடியோ சுருட்டோ கையில் இருத்தலாகாது. காற்றிற் பரந்த மரத்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கவும் கூடும்.

நான்காவது, தூள் பிறக்கும் இடத்திலேயே அதனைப் பிடித்தல். விளக்கை ஓரடி தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைத்தல் இயலுமோ? 6 அங்குலக் குழாயின் வாயிலிருந்து 6 அங்குலம் விலகினால் இழுவையின் வேகம் பத்திலொரு பங்காகிவிடும். வாளின் அடியைப் பலகையால் அடைத்து, குழாயை அதனருகே கொண்டுசெல்லாவிடின் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் வீணே.

கைவசம் பணமில்லாதோர் என்செய்வது? கையிற் பிடிக்கும் தேய்ப்பு இயந்திரத்துக்கும் சிறு வாளுக்கும் பெரிய விசிறி வேண்டாம். வீட்டுத் தூசி உறிஞ்சி ஒன்றும், வாளிமேற் பொருத்தும் சிறு பிளாஸ்டிக் கூம்பு ஒன்றும் போதும். அதுவும் இயலாதாயின், சீவும் இயந்திரத்தை முற்றத்து மர நிழலுக்கு மாற்றுக. என்95 முகக்கவசம் அணிக. மூக்கிற் கட்டும் சால்வைத்துண்டு நுண்தூளைத் தடுக்காது. உலர்ந்த விளக்குமாற்றை விடுத்து, தரையை நனைத்துத் துடைத்தெடுக்க.

இவையனைத்தையும் கேட்ட மாணவர் மறுநாளே அண்ணருடன் தொலைபேசியிற் பேசி, இயந்திரத்துக்குப் பதிலாகப் பணமாக அனுப்பும்படி வேண்டினார். நம் மின்சாரத்துக்கு ஏற்ற 3 பரிவலு விசிறியொன்றைக் கொழும்பிலிருந்து வருவித்தார். கூம்பை நம்மூர்த் தகரவேலைக்காரர் ஒருவர் நாகம் பூசிய தகட்டிலே செய்து கொடுத்தார். முதல் நாள் விசிறியை இயக்கியபோது நானும் சென்றிருந்தேன். தூள் பரலில் விழவில்லை. அனைத்தும் புகைபோக்கி வழியே கூரைமேற் பறந்தது. மாணவர் என்னைப் பார்த்தார். நான் சொன்ன பாடமே எனக்கு மறந்துபோயிற்று; அவருடைய மனைவியார்தாம் பரலின் மூடியோரத்தில் "உஸ்" என்ற ஓசையைக் கேட்டுச் சுட்டிக்காட்டினார். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மூடிக்கு அடைப்பு வைத்தோம். அதன் பின்பு சரியாயிற்று.

மாணவரின் இருமல் இன்னும் நீங்கவில்லை. வைத்தியசாலைக்குச் சென்று சுவாசப்பையைப் பரிசோதிக்குமாறு வற்புறுத்தினேன். சென்று வந்தார், மருந்தும் எடுக்கின்றார். பல ஆண்டுகளாகப் படிந்ததை எந்தக் கூம்பும் உறிஞ்சி எடுக்காது. ஆயினும், நேற்று மாலை அப்பக்கமாகச் சென்றபோது பட்டறை வாயிலில் அவருடைய மனைவியார் தலையிலே துணி கட்டாது, வெண்மை படியாத முகத்தோடு நின்றார். "இப்ப கூட்ட ஒண்டும் பெரிசா இல்லை, மாஸ்ரர்" என்றார்.

நம் வீட்டுக் கதவும் நிலையும், நாம் படித்த வாங்கும் மேசையும் யாரோ ஒருவருடைய மூச்சிலே செய்யப்பட்டவை. அடுத்த முறை தச்சரிடம் விலை பேசும்போது, அவருடைய பட்டறையிலே தூள் எங்கே போகின்றது என்பதையும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.