கட்டணம் உயர்ந்தது, சோதனையின் தரம்?

புதுதில்லி: தமிழர்கள் கணிசமாக வாழும் பெங்களூரு ஆஸ்டின் டவுன் போன்ற பகுதிகளில், பழைய 100 சி.சி. மோட்டார் சைக்கிள் இன்னும் பலரது பிழைப்புக்குத் துணையாக உள்ளது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, இத்தகைய சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின், ஆய்வுக்கு உட்படுத்தி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.300-லிருந்து ரூ.1,000 ஆனது. 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.2,000 ஆக உயர்த்தப்பட்டது.

ஆனால், ஆய்வின் நம்பகத்தன்மை அந்த அளவுக்கு உயரவில்லை. நாடாளுமன்றம் 2019-ல் நிறைவேற்றிய சட்டத் திருத்தம் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு வழிவகுத்தது. எனினும், அதில் கூறப்பட்ட கட்டாயம் போக்குவரத்து வாகனங்களின் தகுதிச் சான்று தொடர்பானது. சொந்த மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிப்பு, ஃபோர்க் ஆட்டம், டயர் தேய்மானம் ஆகியவை பெரும்பாலும் ஆய்வாளரின் கண்ணையும் கையையும் நம்பியே மதிப்பிடப்படுகின்றன. ஓர் அலுவலகத்தில் தேறும் வண்டி மற்றோர் அலுவலகத்தில் தேறாமல் போகலாம்.

வண்டியை முறையாகப் பராமரிப்பவரும் பராமரிக்காதவரும் ஒரே கட்டணத்தைத்தான் செலுத்துகின்றனர். பிரேக்கைக் கருவியால் அளந்து, குறைகளை எழுத்துமூலம் தரும் சோதனையே இந்த வேறுபாட்டைக் காட்டும். அது வராதவரை, ரூ.2,000 என்பது பழைய வண்டி வைத்திருப்பதற்கான அபராதமாகவே எளியோருக்குத் தோன்றும்.