மிதக்கும் நகரம் என்னும் பொய்

2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் ஐ.என்.எஸ். விக்ராந்த் கடற்படையில் சேர்க்கப்பட்டபோது, பிரதமர் அதனை மிதக்கும் விமானத்தளம் என்றும் மிதக்கும் நகரம் என்றும் வருணித்தார். ஐயாயிரம் வீடுகளுக்குப் போதுமான மின்சாரம், இரண்டு கால்பந்து மைதானங்களை விஞ்சும் மேல்தளம், கொச்சியில் தொடங்கிக் காசி வரை நீளக்கூடிய கம்பிவடம் என்று உவமைகள் அடுக்கப்பட்டன. மறுநாள் நாளேடுகள் அவற்றை எழுத்து மாறாமல் அச்சிட்டன. அதன்பின் வந்த பாதுகாப்பு ஆய்வுக் கட்டுரைகளும் கருத்தரங்க உரைகளும் அதே உவமைகளைச் சற்றே நாகரிகமான சொற்களில் திருப்பிச் சொல்லின.

உவமை புதியதன்று. 2013 நவம்பரில் விக்ரமாதித்யா ரஷ்யாவிலிருந்து பெறப்பட்டபோது வெளிவந்த அரசுச் செய்திக்குறிப்பும் அந்தக் கப்பலை மிதக்கும் நகரம் என்றே அழைத்தது. 22 தளங்கள், 1,600க்கு மேற்பட்ட ஆட்கள், மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி, நாளொன்றுக்கு 400 டன் நன்னீர். முழுக் கையிருப்புடன் புறப்பட்டால் 45 நாள் கரை தொடாமல் இருக்கலாம் என்றும் அக்குறிப்பு பெருமிதத்தோடு தெரிவித்தது.

இந்த எண்களைப் படித்து வியந்தோர் பலர். வகுத்துப் பார்த்தோர் சிலரே. ஒரு லட்சம் முட்டையை 1,600 பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முட்டை. அரிசி ஆளுக்கு மாதம் பத்துக் கிலோ. உழைக்கும் உடலுக்குரிய சாதாரண உணவு அது. அதில் அதிசயம் ஏதுமில்லை. அதிசயமாகத் தோன்றுவது அதனை மொத்தமாகச் சொல்லும்போது மட்டுமே. மொத்தத்தில் சொன்னால் கப்பல் பெரிதாகத் தெரியும். பங்கிட்டுச் சொன்னால் ஆள் தெரிவான். அந்த ஒரு லட்சம் முட்டைகளையும் உடைப்பவர் யார், அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், ஆடும் தளத்தில் கொதிக்கும் அண்டாவின் முன் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதைச் செய்திக்குறிப்பு சொல்லவில்லை. செய்திக்குறிப்பின் வேலை அதுவன்று என்று விட்டுவிடலாம். ஆய்வாளரின் வேலையும் அதுவன்றோ என்பதுதான் வழக்கு.

நகரம் என்பது என்ன? வேலை முடிந்தபின் வேலையிடத்தை விட்டு அகல முடிகிற இடம். முதியவரும் குழந்தையும் இருக்கிற இடம். முதலாளியோடு சண்டையிட்டால் வேறொரு தெருவில் வேறொரு வேலை தேட இடமுள்ள இடம். கூலி குறைந்தால் கூடிநின்று முழங்க உரிமையுள்ள இடம். விமானந்தாங்கிக் கப்பலில் இவற்றுள் ஒன்றும் இல்லை. உறங்கும் படுக்கைக்கும் உழைக்கும் இடத்துக்கும் இடையில் சில ஏணிப்படிகளே உள்ளன. சமையற்கூடம், பணிமனை, மருத்துவமனை, சிறுசிறை, வழிபாட்டிடம் ஆகியவை ஒரே அதிகாரத்தின் கீழ் ஒரே இரும்புக்கூட்டுக்குள் அடங்குகின்றன. சமூகவியல் படித்த எவருக்கும் இத்தகைய அமைப்புக்கு வேறு பெயர் தெரியும், அப்பெயர் நகரமன்று.

கப்பலின் நாள் எவ்வாறு கழிகிறது? பிரித்தானியக் கடற்படையிலிருந்து மரபாக வந்த காவல் முறையில் நாள் நான்கு மணி நேரத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. மாலை நான்கு முதல் எட்டு வரையிலான துண்டு மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிளக்கப்படும். ஒரே ஆளுக்கு நாள்தோறும் ஒரே நேரக் காவல் வாய்க்காதபடி முறை சுழல வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நள்ளிரவுக் காவலின் சுமையை எல்லோரும் பகிர்வர் என்பது அதன் நியாயம். அதன் விலை, எவருடைய உடலும் எந்த நேரத்துத் தூக்கத்துக்கும் பழகாது என்பது. காவல் முடிந்தவர் நேரே படுக்கைக்குப் போவதில்லை. அவருக்குரிய துறைவேலை, பழுதுபார்ப்பு, தீயணைப்புப் பயிற்சி, துப்புரவு ஆகியன காத்திருக்கும். படுத்தபின்னும் தலைக்கு மேலுள்ள தளத்தில் விமானம் இறங்கும். தடுப்புக்கம்பி இழுபடும் அதிர்வு சுவர்களில் ஓடும். கொதிகலன் அறையில் பணிபுரிபவரின் உலகம் வேறு. விக்ரமாதித்யா நீராவியால் இயங்கும் கப்பல். அதன் எட்டுக் கொதிகலன்களின் அருகே அரபிக்கடலின் கோடையைக் கழிப்பவருக்கு மேல்தளத்தின் காற்று ஓய்வுநாள் விருந்து போன்றது.

மேல்தளத்தில் விமானங்கள் எழுமுன் நடக்கும் ஒரு சடங்கு குறிப்பிடத்தக்கது. பணியாளர்கள் தோளோடு தோளாக வரிசையில் நின்று, குனிந்த தலையோடு தளத்தின் முழு நீளமும் நடப்பர். ஒரு திருகாணி, ஒரு கம்பித்துண்டு, ஒரு சிறுகல் கிடந்தாலும் பொறுக்குவர். இயந்திரத்துக்குள் உறிஞ்சப்பட்டால் விமானமும் விமானியும் போய்விடும். பல கோடி ரூபாய் இயந்திரத்தின் பாதுகாப்பு, இறுதியில் குனிந்து நடக்கும் மனிதரின் கண்ணை நம்பியிருக்கிறது. அந்தக் கண் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் மூடியிருந்தது என்று கேட்பது மென்மனத்தாரின் இரக்கமன்று, விமானப் பாதுகாப்பின் முதற்கேள்வி.

இக்கேள்வி கேட்கத்தக்கதே என்பதற்கு அமெரிக்கக் கடற்படையே சான்று. யு.எஸ்.எஸ். நிமிட்ஸ் கப்பலின் அணு உலைப் பிரிவில் ஐந்து மணி நேரம் பணி, பத்து மணி நேரம் விடுப்பு என்றொரு முறை இருந்தது. கூட்டினால் பதினைந்து மணி நேரம். அதாவது அப்பிரிவினருக்கு ஒரு நாள் என்பது பதினைந்து மணி. சூரியனுக்கும் அவர்களது உறக்கத்துக்கும் எவ்வித ஒப்பந்தமும் இல்லை. அக்கடற்படையின் முதுநிலைக் கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் அதனை அளந்து, மூன்று மணி பணியும் ஒன்பது மணி விடுப்புமான முறையோடு ஒப்பிட்டு எழுதினர். 2017இல் இரு போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களோடு மோதி 17 மாலுமிகள் இறந்தபின், சிலர் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் உழைத்தனர் என்ற செய்தி அந்நாட்டு நாடாளுமன்றத்தின் முன் வந்தது. அமெரிக்கக் கடற்படை கருணையின் கூடாரம் என்று எவரும் வாதிடப் போவதில்லை. 45 நாள் தொடர்ந்து கடலில் கிடந்தால் ஆளுக்கு இரண்டு பீர் என்பதே அதன் கருணையின் அளவு. 2020இல் யு.எஸ்.எஸ். ஐசன்ஹோவர் 206 நாள் கரை தொடாமல் ஓடியது. ஆயினும் அங்கே அளக்கப்படுகிறது, அளந்தது அச்சிடப்படுகிறது, அச்சிட்டதை வைத்துச் சண்டையிட முடிகிறது.

இந்தியாவில் அளவைக்குப் பஞ்சமா? 2016இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், விக்ரமாதித்யாவுக்காக வாங்கிய மிக்-29கே விமானங்களைப் பற்றி அறிக்கை அளித்தார். 65 இயந்திரங்களில் 40 வடிவமைப்புக் குறைகளால் விலக்கப்பட்டன என்றும், விமானங்களின் பயன்நிலை 15.93 விழுக்காட்டிலிருந்து 37.63 விழுக்காடு வரை இருந்தது என்றும் அதில் கண்டது. பசிய புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை! எத்தனை நாள் விமானம் பறக்கும் நிலையில் இருந்தது என்பது நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தோடு தெரிகிறது. அதனைப் பறக்கும் நிலைக்குக் கொணர உழைத்தவர் பறக்கவோ நடக்கவோ தகுந்த நிலையில் இருந்தாரா என்பதற்கு முழு எண்ணில்கூட ஒரு கணக்கு அவ்வறிக்கையில் இல்லை. தணிக்கையாளர் பொருளைத் தணிக்கை செய்பவர் எனலாம். அப்படியாயின் ஆளைத் தணிக்கை செய்பவர் யார்?

இனி, எவரும் எழுத விரும்பாத இடத்துக்குக் கீழிறங்கலாம். 2016 ஜூன் மாதம் விக்ரமாதித்யா கார்வாரில் பராமரிப்பில் இருந்தபோது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அறையில் நச்சு வாயு கசிந்து இருவர் இறந்தனர். ஒருவர் மாலுமி, மற்றவர் வெளி நிறுவனத்தின் தொழிலாளி. மூன்றாண்டு கழித்து, 2019 ஏப்ரலில் அதே கப்பல் கார்வார் துறைமுகத்துக்குள் நுழையும் வேளையில் தீப்பிடித்தது; அணைக்கச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி உயிரிழந்தார். அந்த அதிகாரிக்குக் கிடைத்த மரியாதை முற்றிலும் தகும். ஆனால் மலக்குழியில் இறப்போர் பற்றிக் கரையில் பத்தாண்டுகளாக எழுதிக் குவித்திருக்கும் அறிவுலகம், அதே வகை மரணம் நாட்டின் பெருமிதச் சின்னத்துக்குள் நிகழ்ந்தபோது அதனைத் தன் பட்டியலில் சேர்த்ததா? தெருவின் மலக்குழி சாதியின் இடம், கப்பலின் மலக்குழி தொழில்நுட்பத்தின் இடம் என்று பிரித்தவர் யார்?

இந்தியக் கடற்படையில் டோபாஸ் என்றொரு பணிப்பிரிவு இருந்தது. கழிப்பறையும் தளமும் கூட்டித் துடைப்பவரின் பெயர் அது. அச்சொல்லின் வரலாறு கசப்பானது. ஒரு காலத்தில் அது போர்த்துக்கீசியக் கலப்பினத்தாரையும் அவர்களிடையே திரட்டிய படைவீரரையும் குறித்தது. தமிழில் வழங்கும் துபாஷி என்ற சொல்லோடு அதற்கு உறவுண்டு என்பாரும் உளர். இருமொழி வல்லவனையும் துப்பாக்கி ஏந்தியவனையும் குறித்த சொல், கப்பலேறியதும் விளக்குமாறு ஏந்தியது. இப்போது பெயர் மாறிவிட்டது; ஆளெடுப்பு விளம்பரங்களில் சுகாதாரப் பணியாளர் என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் வருகிறது. கழிப்பறைகளையும் குளியலிடங்களையும் தூய்மையாக வைத்திருப்பது பணி என்று அவ்விளம்பரங்களே விளக்குகின்றன. சமையற்காரர், பரிமாறுபவர், துப்புரவாளர் மூவரும் ஒரே தகுதி வரிசையில், ஏனைய மாலுமிகளுக்குக் கீழே நிற்கின்றனர். ஒரு கப்பலில் சமைப்பவரையும் பரிமாறுபவரையும் துடைப்பவரையும் நிரந்தரமாகத் தனிவகுப்பாக்கி வைப்பது இந்தியச் சமூகத்துக்கு அந்நியமான கருத்தென்று எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியுமா? இப்பணியில் சேர்வோர் எந்தச் சமூகங்களிலிருந்து வருகின்றனர் என்ற கேள்வி முனைவர் பட்டத்துக்குரிய கேள்வி. ஏவுகணையின் வீச்சு பற்றி இருநூறாவது ஆய்வேடு எழுதுவதைவிட அது கடினமானது, ஆகவே எழுதப்படுவதில்லை.

எதிர்வாதம் உண்டு. போர்க்கப்பல் தொழிற்சாலையன்று, அங்கே இருப்பவர் விரும்பிச் சேர்ந்தவர், இரகசியம் காப்பது தேசத்தின் கடமை. இவற்றுள் இரகசியம் பற்றிய வாதமே வலிமையானதாகக் கருதப்படுகிறது. உண்மையில் அதுவே மிக மெலிந்தது. கையிருப்போடு ஒரு கப்பல் எத்தனை நாள் கடலில் தாக்குப்பிடிக்கும் என்பதைவிடப் பகைவனுக்குப் பயனுள்ள செய்தி எது? அதை அரசே அச்சிட்டது, பெருமைக்காக. முட்டை இரகசியமன்று, பால் இரகசியமன்று, 45 நாள் இரகசியமன்று. மாலுமி உறங்கிய மணிக்கணக்கு மட்டும் இரகசியம் என்றால், அது பகைவனிடமிருந்து மறைக்கப்படுவதன்று, குடிமக்களிடமிருந்து மறைக்கப்படுவது.

விரும்பிச் சேர்ந்தவர் என்ற வாதமும் நிற்காது. வணிகக் கப்பல் மாலுமியும் விரும்பிச் சேர்ந்தவரே. அவருக்குக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 என்ற காப்பு உண்டு. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. நாளில் குறைந்தது பத்து மணி நேரம், வாரத்தில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு என்பது அதன் அளவுகோல்களுள் ஒன்று. அதே உடன்படிக்கை போர்க்கப்பல்களுக்குப் பொருந்தாது என்று தன் வாயாலேயே சொல்லி விலகுகிறது. உள்நாட்டில் அரசமைப்பின் 33ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சங்கம் அமைக்க இயலாது, பத்திரிகைக்கு எழுத இயலாது. தனக்காகப் பேசச் சட்டத்தால் இயலாத ஒருவருக்காகப் பேச வேண்டிய கடமை, பேச இயன்றவரைச் சேருகிறது. 2020 மார்ச்சில் யு.எஸ்.எஸ். தியோடர் ரூஸ்வெல்ட் கப்பலின் தலைவர், நெருக்கியடித்த படுக்கையறைகளில் தொற்றைத் தடுக்க இயலாது என்று எழுதிய கடிதம் வெளியானது. சில நாளில் அவர் பதவி இழந்தார். ஏறத்தாழ 4,800 பேரில் 1,000க்கு மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளாகினர். கப்பற்றலைவரின் கதியே அது என்றால், கடைநிலை மாலுமியின் நாவுக்கு எவ்வளவு இடம் இருக்கும்?

வரலாற்றுத் துறையும் இதில் தப்பவில்லை. லஸ்கர் மாலுமிகளைப் பற்றிச் செறிவான ஆய்வுகள் உண்டு. அவர்கள் வணிகக் கப்பலில் இருந்தவர்கள், இறந்தும் போனவர்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் எச்.எம்.ஐ.எஸ். தல்வார் நிலையத்தில் தொடங்கிய கடற்படை எழுச்சியை ஒவ்வொரு பாடநூலும் விடுதலைப் போரின் அத்தியாயமாகப் போற்றுகிறது. அது தொடங்கியது கெட்ட சோற்றிலும் அதிகாரிகளின் இனவெறி வசவிலும் என்பது முதல் பத்தியில் வந்து இரண்டாம் பத்தியில் மறைந்துவிடும். சோறு காரணம், தேசம் பொருள் என்று வரிசைப்படுத்திய பிறகு, 1947க்குப் பின் சோற்றைப் பற்றிக் கேட்க எவருக்கும் காரணம் இல்லாமற் போயிற்று.

2025 மே மாதத்து இரவொன்றில் தொலைக்காட்சி அலைவரிசைகள் பல, விக்ராந்த் கராச்சித் துறைமுகத்தைத் தகர்த்துவிட்டதாக அலறின. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது இது: அக்கப்பல் வட அரபிக்கடலில் நின்றது, அதனுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தாக்குதல் வரலாம் என்ற எதிர்பார்ப்போடு இரவும் பகலும் காவல் மாற்றிக்கொண்டிருந்தனர். இல்லாத குண்டைப் பற்றி விடிய விடியப் பேசியவர்கள், இருந்த மனிதரைப் பற்றி ஒரு நிமிடம் பேசவில்லை. அங்கே பணிபுரிவோருள் நான்காண்டு ஒப்பந்தத்து அக்னிவீரர்களும் அடங்குவர். அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் நிலைக்கப் போவதில்லை, எவருக்கும் அந்நான்காண்டுக்கு ஓய்வூதியமும் இல்லை. கேட்கும் திறன் குறைவதும் தூக்கம் கெடுவதும் நான்காண்டில் முடிந்துவிடும் நோய்களல்ல.

பழைய விக்ராந்த் 2014இல் மும்பையில் உடைக்கப்பட்டது. அதன் இரும்பு பஜாஜ் நிறுவனத்தின் வி என்ற மோட்டார் சைக்கிளுக்குள் போயிற்று. விளம்பரம் அதனை உணர்ச்சி பொங்கச் சொன்னது. 1971இல் விரிசல் கண்ட கொதிகலனோடு வங்கக்கடலில் ஓடிய கப்பல் அது. அந்தக் கொதிகலன் அறையில் நின்றவர்கள் எத்தனை மணி நேர முறையில் நின்றனர், என்ன உண்டனர், எங்கே படுத்தனர் என்று கேட்கப்பட வேண்டியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்த வயதில் இந்நாட்டின் ஊர்களில் இருக்கின்றனர். அவர்களிடம் செல்ல எவருடைய அனுமதியும் தேவையில்லை. பேருந்துக் கட்டணமும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்.