சப்பானியம் கற்க ஆங்கிலம் எதற்கு?

ஆங்கிலம் அறிந்தவன் உலகெங்கும் பிழைத்துக்கொள்வான் என்னும் பொய்யைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகின்றனர். அப்பொய்யின் சாயம் வெளுக்கும் இடங்களுள் ஒன்று சப்பானியத் தொழிற்சாலை. 2010ஆம் ஆண்டு சென்னையை அடுத்த ஒரகடத்தில் நிசான், இரெனோ நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் சப்பானியரின் ஆலைகள் பல இம்மண்ணில் எழுந்தன. தாய்நிறுவனத்திலிருந்து வரும் பொறி வரைபடத்தின் ஓரக்குறிப்புச் சப்பானியத்தில் இருக்கும். பழுது பார்க்க வரும் முதிய பொறிவல்லுநர் தம் உடன்பணியாளரோடு சப்பானியத்திற் பேசுவார். மழலைப் பள்ளி தொட்டே ஆங்கிலத்தில் ஊறிய நம்பி அங்கே வாயடைத்து நிற்கின்றான். உடனே சப்பானியம் கற்க ஓடுகின்றான்.

ஓடட்டும், நல்லதே. பிறமொழி கற்பதைத் தனித்தமிழ் இயக்கம் என்றும் பழித்ததில்லை; பிறமொழியைத் தமிழின் தலைமேல் ஏற்றி வைப்பதைத்தான் பழிக்கின்றது. இங்குக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. சப்பானியத்தை அவன் எதன் வழியாகக் கற்கின்றான்? ஆங்கிலத்தின் வழியாக! பக்கத்து வீட்டுக்குப் போகக் கடல் கடந்து சுற்றி வருவது போன்றது இது.

சப்பானியர் பிறர் மொழியைக் கற்ற முறை வேறு. 1771ஆம் ஆண்டில், இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரின் கொலைக்களத்தில் ஒரு பிணம் அறுக்கப்பட்டதை மருத்துவர் சிலர் நேரிற் கண்டனர். அவர் கையில் ஓர் ஒல்லாந்த உடற்கூற்று நூல் இருந்தது. படத்தில் உள்ளபடியே உடலும் இருக்கக் கண்டு வியந்த சுகித்தா கென்பாக்கும் மயேனோ ரியோத்தாக்கும் பிற தோழரும் அந்நூலைத் தம் மொழியிற் பெயர்க்கத் துணிந்தனர். நல்ல அகரமுதலி இல்லை. கற்பிக்கும் ஆசானும் இல்லை. சுகித்தாவுக்கு ஒல்லாந்த எழுத்துகளே அப்போது தெரியா. நெடிய இளவேனிற் பகல் முழுதும் உட்கார்ந்தும் ஒரு வரி விளங்காத நாள்கள் உண்டு என்று அவர் முதுமையில் எழுதிவைத்தார். ஆயினும் 1774இல் நூல் வெளிவந்தது. மென்மை, எலும்பு என்னும் இரண்டையும் சேர்த்துக் குருத்தெலும்புக்கு அவர்கள் படைத்த சொல்லைத்தான் இன்றும் சப்பானிய மருத்துவர் வழங்குகின்றனர்.

நாகசாக்கித் துறைமுகத்தில் ஒல்லாந்த வணிகருக்கும் அரசுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருந்தன. வணிகத்துக்காக மொழி கற்றவர் அவர். அவருள் ஒருவராகிய சிசுக்கி ததாவோ, அவ்வறிவைக் கொண்டு பொருள் மட்டும் ஈட்டவில்லை. 1802இல் முடித்த வானியல் மொழிபெயர்ப்பில் ஈர்ப்பு விசைக்கும் மையவிலக்கு விசைக்கும் தம் நாட்டார்க்குச் சொல் வகுத்துத் தந்தார். 1837 முதல் உதகாவா யோவான் வெளியிட்ட வேதியியல் நூல் நீரகத்துக்கும் உயிர்வளிக்கும் பெயரிட்டது. பிறமொழியை அவர்கள் கற்றது, அடுத்த தலைமுறைக்கு அப்பிறமொழி இல்லாமலே அவ்வறிவு கிட்டவேண்டும் என்பதற்காக.

அங்கும் ஆங்கில மயக்கம் எழாமல் இல்லை. 1872இல் அமெரிக்காவில் தூதராய் இருந்த மோரி அரினோரி, நாட்டின் கல்விக்கு எளிமையாக்கிய ஆங்கிலத்தைக் கொள்ளலாமா என்று ஏல் பல்கலைக்கழகத்து மொழியறிஞர் விட்னிக்கு எழுதிக் கேட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்வறிஞரே வேண்டா என்று மறுமொழி விடுத்தார். மறு ஆண்டே பாபா தத்துயி என்னும் இளைஞர் இலண்டனில் சப்பானிய இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டு, ஆங்கிலம் மேலோரையும் எளியோரையும் இரண்டாகப் பிளந்துவிடும் என்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையின் பொருளைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டு இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற மசுக்காவா தொசிகிதே, அதுவரை அயல்நாடு சென்றறியாதவர். பரிசுச் சொற்பொழிவைத் தம் தாய்மொழியிலேயே நிகழ்த்தினார்.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். சப்பானிய அறிஞர் அச்சொற்களைப் பெரும்பாலும் சீன வேர்களிலிருந்தே ஆக்கினர். தம் சொந்த வேர்களிலிருந்து அன்று. ஆகவே அவரைத் தனிமொழிப் பற்றாளர் என்று போற்றிவிட முடியாது. தமிழனுக்கோ அந்த இரவலும் தேவையில்லை. வேர் அவன் வீட்டிலேயே இருக்கின்றது.

அந்த வேர்தான் சப்பானியம் கற்பவனுக்குக் கைவிளக்கு. மின்னியலை எடுத்துக்கொள்க. ‘தென்’ என்பது மின். ‘அத்சு’ என்பது அழுத்தம். ‘தென்-அத்சு’ என்றால் மின்னழுத்தம். ‘ரியூ’ என்பது ஓட்டம். ‘தென்-ரியூ’ என்றால் மின்னோட்டம். ‘சுயி’ நீர், ‘சுயி-அத்சு’ நீரழுத்தம், ‘சுயி-சோ’ நீரகம். ‘இன்-ரியொக்கு’ என்பதில் முன்னது இழுத்தல், பின்னது விசை. ஈர்ப்பு விசை என்று தமிழ் சொல்வதும் அதுவே. தமிழ்வழிப் பயின்ற ஊர்ப்புறப் பிள்ளை இச்சொற்களை ஒருமுறை கேட்டால் மறவான். அவன் அறிந்த சொல்லே வேறு ஒலியில் வருகின்றது. ‘வோல்ட்டேசு’ என்றும் ‘கரண்டு’ என்றும் உருப்போட்டவனுக்கு இவை வெற்றொலிகள். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது எள்ளி நகைத்தோர் பலர். அவ்வகுப்பில் கற்ற கலைச்சொல் அயல்நாட்டுத் தொழிலுக்கும் திறவுகோலாகும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திரார்.

சொல் கிடக்கட்டும், தொடரமைப்பைப் பார்க்க. ‘வதசி கா கத்தா குருமா’ என்பது சொல்லுக்குச் சொல் ‘நான் வாங்கிய வண்டி’. தமிழின் பெயரெச்சம் எங்கு நிற்குமோ அங்கேயே அது நிற்கின்றது. ஆங்கிலமோ வண்டியை முதலில் சொல்லி, இடையே ஓர் இணைப்புச் சொல்லைச் செருகி, வாங்கியவனைப் பின்னே தள்ளும். ‘தபெத்தே மிரு’ என்பது ‘உண்டு பார்’. ‘கத்தே ஒக்கு’ என்பது ‘வாங்கி வை’. பார்த்தலும் வைத்தலும் துணைவினையாகித் தம் பொருள் திரிந்து நிற்பதை ஆங்கில வழி நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கித் திணறும். தமிழ்ச் சிறுவனுக்கு ஒரு வரி போதும். ‘தரே மோ இனாய்’ என்றால் ‘யாரும் இல்லை’. ‘மோ’ நிற்குமிடத்தில் தமிழில் ‘உம்’ நிற்கின்றது.

இவற்றினும் இனியது சுட்டு. ‘கொரே’ பேசுவோன் அருகில் உள்ளது, ‘சொரே’ கேட்போன் அருகில் உள்ளது, ‘அரே’ இருவருக்கும் சேய்மையில் உள்ளது, ‘தொரே’ வினா. இரண்டு சுட்டே உடைய ஆங்கிலம் இதனை விளக்கத் தடுமாறும். தமிழிலோ இது, உது, அது, எது என நான்கும் உண்டு. தமிழ்நாடு ‘உது’வைத் தொலைத்துவிட்டது, யாழ்ப்பாணத்தார் இன்றும் நாள்தோறும் வழங்குகின்றனர். ஈழத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் ‘சொரே’ பாடமே அன்று.

இவ்வொப்புமைகளைக் கண்டு இருமொழியும் உறவுடையன என்று நிறுவ முயன்றவர் பேராசிரியர் சுசுமு ஓனோ. யாழ்ப்பாணத்துச் சண்முகதாசும் அவர் துணைவியார் மனோன்மணியும் அவரோடு உழைத்தனர். உலக மொழியறிஞருட் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. ஏற்காவிடினும் குறையொன்றுமில்லை. உறவு மெய்யாயினும் பொய்யாயினும் அமைப்பு ஒத்திருப்பது கண்கூடு. மொழி கற்பவனுக்கு வேண்டுவது அமைப்பே, குலமுறைக் கிளத்து அன்று.

சப்பானியம் எளிது என்று கூறிக் கற்போரை ஏமாற்றவும் கூடாது. ஒலியெழுத்து வகை இரண்டு, வகைக்கு அடிப்படை எழுத்து 46. இவை சில கிழமைகளில் வந்துவிடும். அவற்றுக்கு மேல் சீன வழி வந்த கருத்தெழுத்துகள் இருக்கின்றன. பொதுவழக்குக்கென அரசு 2010இல் வகுத்த பட்டியலில் மட்டும் அவை 2136. ஆண்டுக் கணக்கில் உழைப்பின்றி அவை கைவரா. சென்னையிலும் நடைபெறும் சப்பானிய மொழித் திறன் தேர்வு ஐந்து படிகளை உடையது. ஆனால் அதில் பேச்சுத் தேர்வு இல்லை. சான்றிதழைச் சட்டகமிட்டு மாட்டிவிட்டுத் தொலைப்பேசி ஒலித்தால் நடுங்குவோர் உண்டு.

மதிப்புச் சொல்லில் தமிழன் ஓரடி முன்னே நிற்கின்றான். நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படியறிந்து பேசுவது அவன் இயல்பு. அவன் வழுக்கும் இடமும் அதுவே. வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போது தன் மேலாளரையே மதிப்புச் சொல்லின்றித் தாழ்த்திக் கூறுவது சப்பானிய முறை. தன் நிறுவனம் முழுவதும் ‘தான்’ என்பதில் அடங்கும். ‘எங்கள் மேலாளர் எழுந்தருள்வார்’ என்னும் தோரணையில் தமிழன் சொல்லிவிட்டால் அங்கு முகம் சுளிப்பர். வணிகப் பேச்சில் ‘ஆராய்ந்து பார்க்கிறோம்’ என்னும் பொருளில் அவர் கூறுவது பல வேளை மறுப்பே. ஆங்கிலப் பெயர்ப்பை நம்பியவன் மறுமொழிக்குக் காத்திருப்பான். மதுரைக் கடைத்தெருவில் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லின் எடையை அறிந்தவனுக்கு இது முதல் நாளே விளங்கும்.

ஆங்கில வடிகட்டியில் எவ்வளவு பொருள் போகும் என்பதற்குத் தொழிற்சாலைச் சுவர்களே சான்று. ஐந்து ‘எசு’ என்று பலகை தொங்கும். செயிரி, செயித்தோன், செயிசோ, செயிகெத்சு, சித்சுக்கே என்பனவே மூலச் சொற்கள். முதலெழுத்து ஒன்றாய் வரவேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தார் ஐந்து சொற்களைத் தேடிப் பொருத்தினர். ஐந்தாவதற்கு இட்ட சொல்லின் பொருள் ‘தொடர்ந்து பேணுக’. ‘சித்சுக்கே’யோ தாய் தன் பிள்ளைக்கு ஊட்டும் நல்லொழுக்கம், தமிழில் ‘வளர்ப்பு’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ‘வளர்ப்பு’ என்று எழுதிய பலகை எந்த ஆலையிலேனும் தொங்குகின்றதா?

சப்பானிய நிறுவனங்களே ஆங்கிலத்துக்கு மாறுகின்றனவே என்பார் உளர். இராக்குத்தென் 2010இல் அறிவித்து 2012 முதல் ஆங்கிலத்தை அலுவல்மொழி ஆக்கியது மெய்யே. அந்நாட்டுச் செய்தித்தாள்களில் ஆங்கிலக் கடன்சொல் மலிந்திருப்பதும் மெய்யே. அதனைத் தாங்காமல் நாட்டு மொழி ஆய்வு நிறுவனம் 2002 முதல் குழு அமைத்து மாற்றுச் சொற்களைப் பரிந்துரைக்க நேர்ந்தது. ஆனால் நாட்டின் வாயில் எந்த மொழியைக் கேட்கின்றது? 2019இல் தொடங்கிய தனித்திறப் பணியாளர் திட்டத்தில் இந்தியா 2021ஆம் ஆண்டு சனவரியில் ஒப்பந்தமிட்டது. அத்திட்டம் வேண்டுவன தொழில்திறன் தேர்வும், மேற்சொன்ன ஐந்து படிகளுள் கீழிருந்து இரண்டாம் படி அளவு சப்பானிய அறிவும் ஆகும். ஆங்கிலத்தை அது கேட்கவில்லை. கேட்பவர் இங்குள்ள வகுப்பாசிரியர்களே! தொழிற்பயிற்சி நிலையத்தில் தமிழில் கற்றுப் பற்றவைப்பிலும் கடைசலிலும் கைதேர்ந்த இளைஞன், சப்பானிய வகுப்பில் ஆங்கில விளக்கம் புரியாமல் பாதியில் எழுந்து போகின்றான். தோற்றது அவனா, அவ்வகுப்பா?

தமிழ்வழிச் சப்பானிய இலக்கணமும் தமிழ்–சப்பானியத் தொழிற்சொல் அகரமுதலியும் உடனே வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை ஒன்றும் பொறியியல் துறை ஒன்றும் சப்பானியம் வல்ல பணியாளர் சிலரும் கூடினால் போதும். தொடக்கத்திலேயே பத்தாயிரம் சொல் வேண்டா. வரைபடம், உறுப்பின் அளவு கூடவும் குறையவும் இசைந்த வரம்பு, பழுது, ஒப்படைக்கும் நாள், விலைப்புள்ளி, எச்சரிக்கைப் பலகையிலுள்ள தொடர்கள் எனப் பட்டறையில் நாள்தோறும் வாயில் வரும் ஐந்நூறு சொற்களை முதலில் தொகுக்கட்டும். ஒவ்வொரு சப்பானியச் சொல்லையும் வேர் பிரித்துக் காட்டி, அருகிலேயே தமிழ்ச் சொல்லையும் வேர் பிரித்து அச்சிடட்டும். எழுத்து பெரிதாகவும் விலை சிறிதாகவும் இருக்கட்டும். எண்ணெய்க் கையோடு புரட்ட வேண்டிய நூல் அது.