'சும்மா பழகிக்கத்தான்' என்கிறார்கள்... ராகிங் ஏன் இன்னும் ஒழியவில்லை?

வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் சேரும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவன்தான். மெஸ் கட்டணத்தை எங்கே கட்டணும், எந்தப் புத்தகம் வாங்கணும், உதவித்தொகை விண்ணப்பத்தில் யாரிடம் கையெழுத்து வாங்கணும்... எல்லாம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து அறை சீனியர். ராகிங் நுழைவது இந்த இடத்தில்தான். 'முதல்ல பழகிக்கலாம், அப்புறம் எல்லாம் சொல்லித் தர்றேன்' என்பார் சீனியர். உதவிக்குக் கேட்கப்படும் விலை அது. அதை ஏன் நாம் 'ஜாலி' என்கிறோம் என்றுதான் புரியவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதன் பெயர் ஹேஸிங். ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களில் சேர அவமானத்தையும் அளவுமீறிய குடியையும் தாங்கியாக வேண்டும். 2017-ல் பென்சில்வேனியாவில் 19 வயது மாணவர் ஒருவர் அப்படிக் குடிக்க வைக்கப்பட்டு, படியில் விழுந்து இறந்தார். கூட இருந்தவர்கள் பல மணி நேரம் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அங்கே சங்கத்தில் சேராமலாவது இருக்கலாம். நம்ம ஊர் விடுதியில் அந்த வழியும் கிடையாது.

கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரு காலத்தில் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தச் சிதம்பரத்தில்தான் 1996 நவம்பரில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அப்பா முன்னாள் துணைவேந்தர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே அந்த நிலை. அதன் பிறகு வந்ததுதான் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம்: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறு கல்லூரியிலும் சேர்க்கக் கூடாது.

வழக்கு என்ன ஆனது? 1998-ல் ஆயுள் தண்டனை. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கொலை வழக்குக்கே 15 வருஷம்! புகார் கொடுத்துவிட்டு மறுநாள் அதே மெஸ்ஸில் அதே சீனியர் எதிரே சாப்பிட உட்கார வேண்டிய பிள்ளைக்கு, இந்தச் சட்டம் எவ்வளவு தைரியம் தரும்?

2023 நவம்பரில் கோவைப் பொறியியல் கல்லூரி விடுதி ஒன்றில் ஜூனியருக்கு மொட்டை அடித்ததாக 7 மாணவர்கள் கைதானார்கள். கைது தேவைதான். ஆனால் மொட்டை அடித்த பிறகுதானே கைது?

அதற்கு முன்னாடியே செய்ய வேண்டியதை யுஜிசி 2009-லேயே விதியாக எழுதிவிட்டது. முதலாமாண்டுக்குத் தனி விடுதிப் பகுதி. புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து குழுவுக்கொரு ஆசிரியர் பொறுப்பு. எந்நேரமும் அழைக்கக்கூடிய வார்டன். நடைமுறையில் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான், மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து. அதோடு சரி.

சிறுவங்கூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி வரை, இந்த மாவட்டத்துக்குப் புதுசு புதுசாகப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். மெஸ், புத்தகம், உதவித்தொகை பற்றிச் சொல்ல முதல் மாதம் ஒரு ஆசிரியர் விடுதியில் உட்கார்ந்தாலே, சீனியர் கையில் இருக்கும் பிடி பாதி தளர்ந்துவிடும். பெற்றோரே, கையெழுத்துப் போடும்போது அந்த ஆசிரியர் யார் என்று கேளுங்கள். வார்டன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: 24 மணி நேர ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522.