லைன் வீட்டுக்கு வெள்ளைக்காரப் பெண் வரக்கூடாதா?

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் 31 பேர். அதில் தங்கவயலில் இன்னமும் இருப்பவர்கள் 6 பேர்தான். மற்ற 25 பேர் என்னைப் போல சிட்னி, சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி என்று சிதறிப் போனவர்கள். என்னைத் தவிர மிச்சம் 24 பேரும் சேர்ந்து அங்கே இருக்கும் என் தங்கைக்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள்: வீட்டில் அந்த வெளிநாட்டுப் பெண்ணைத் தங்க வைக்காதே, மானம் போய்விடும்.

விவரம் இதுதான். தங்கை மகள் தினமும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரில் ஒரு கல்லூரிக்குப் போய் வருகிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு ஜெர்மன் பெண், 20 வயது, அவள் வகுப்பில் ஒரு செமஸ்டர் படிக்க வந்திருக்கிறாள். கடைசி 6 வாரம் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். இவள் கூப்பிட்டாள், அவளும் சரி என்றாள். கல்லூரியில் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் போன் போட்டு, "அவ்வளவு தூரம் எதுக்கும்மா, பெங்களூர்லயே நல்ல ஃபேமிலியா பார்க்கலாமே" என்றாராம்.

நல்ல ஃபேமிலி! இந்த வார்த்தைக்கு அர்த்தம் நமக்குத் தெரியாதா என்ன? கார், தனி பெட்ரூம், இங்கிலீஷ் பேசும் அம்மா. கொஞ்சம் தோண்டினால் அடியில் ஜாதியும் இருக்கும். அவரை விடுங்கள், வெளியாள். நம் ஆட்கள் 24 பேரும் அவர் பக்கம் நிற்கிறார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

2018-ல் கே.ஜி.எஃப். படம் வந்தபோது இதே ஆட்கள் என்ன ஆட்டம் போட்டார்கள்! சயனைட் மலையில் ஷூட்டிங் நடந்தது என்று பழைய போட்டோக்களைத் தேடித் தேடிப் போட்டார்கள். 2022-ல் இரண்டாம் பாகத்துக்கும் அதே கூத்து. ஆபீசில் சக ஊழியர்களிடம் "அது எங்க ஊரு" என்று மார்தட்டியவர் ஒருத்தர். அதே ஊரில், அதே மலைக்கு எதிரில் இருக்கிற வீட்டில் ஒரு பெண் வந்து சோறு சாப்பிடுகிறாள் என்றால் மட்டும் மானம் போய்விடுமாம். திரையில் பார்த்தால் பெருமை, வாசலில் வந்து நின்றால் அவமானமா?

தங்கவயலுக்கு வெள்ளைக்காரர்கள் புதிதா? 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 1956-ல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது வரை 76 வருடம் அவர்கள் ராஜ்ஜியம்தான். கார்ன்வாலில் இருந்து வந்தார்கள், இத்தாலியில் இருந்து வந்தார்கள். அவர்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துக் கரண்டே கொண்டுவந்தார்கள், சுரங்கத்துக்காக. நம் ஆட்களுக்கு ஆரம்பத்தில் மூங்கில் தட்டிக் குடிசை, அப்புறம் லைன் வீடு. பங்களாவுக்குள் நாம் போனது பட்லராக, ஆயாவாக, தோட்டக்காரனாக. அதுவும் பின்வாசல் வழியாக. அத்தனை வருடத்தில் ஒரு துரை நம் லைனில் ஒரு வேளை சோறு சாப்பிட்டதாக என் தாத்தாவோ பாட்டியோ சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு பெண் முன்வாசல் வழியாக வந்து, தரையில் உட்கார்ந்து, என் தங்கை கையால் களியும் குழம்பும் சாப்பிடுகிறேன் என்கிறாள். இதைத் தடுக்க நாம் கிளம்பியிருக்கிறோம், உலகத்தின் நாலு மூலையிலிருந்து.

ஒவ்வொருத்தர் சொன்ன காரணத்தையும் பார்ப்போம்.

"வீடு சின்னது, தனி ரூம் இல்லை." நான் அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கத்திய கதையைச் சொல்கிறேன். இங்கே உயர்நிலைப் பள்ளி பரிமாற்ற மாணவர்களை ஏற்கும் குடும்பங்களுக்கு அரசாங்க விதிமுறையே இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட வீட்டார் எல்லாருடைய பின்னணியையும் விசாரிப்பார்கள், வீட்டை நேரில் வந்து பார்ப்பார்கள். ஆனால் தனி அறை வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. இன்னொரு பெண்பிள்ளையோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். கேட்பதெல்லாம் தனிக் கட்டில், அதுவும் மடக்குக் கட்டிலோ காற்றடித்த மெத்தையோ இல்லாத நிஜக் கட்டில். வாஷிங்டன்காரனுக்கே ஒரு கட்டில் போதும். நம் சித்தப்பாவுக்குத்தான் அட்டாச்டு பாத்ரூம் வேண்டும்!

வீடு சின்னது என்கிறவர்களே, அந்த வீட்டில் எத்தனை பேர் தங்கினோம்? திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் தாத்தா வீட்டில்தான் தங்கினார்கள். ஷிப்டுக்குக் கிளம்பினவன் பாயில் ஷிப்டு முடித்து வந்தவன் படுப்பான், பாய்க்கு ஓய்வே கிடையாது என்று பாட்டி சொல்வாள். நம்மில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்தப் பாயில் படுத்து எழுந்து வேலைக்குப் போனவர்கள்.

அடுத்தது கழிப்பறை. இதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நான் தாழ்த்தப் போவதில்லை. லைன் வீடுகளைக் கட்டியபோது கழிப்பறை கட்டவில்லை. பொதுக் கழிப்பறைக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றோம். அந்த உலர் கழிப்பறைகளை மனிதர்கள் கையால் அள்ளினார்கள். 1966-ல் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன் அப்படி அள்ளிய ஒரு குடும்பத்துப் பிள்ளை. அதை ஒழிக்கும் போராட்டத்தை அவர் நம் ஊரில்தான் தொடங்கினார். 2016-ல் மகசேசே விருது வாங்கினார். வெட்கப்பட வேண்டியது யார்? 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக்கொண்டு கழிப்பறை கட்டாமல் விட்டவர்களா, வரிசையில் நின்ற என் அம்மாவா?

இப்போது தங்கை வீட்டுப் பின்கட்டில் கழிப்பறை இருக்கிறது. சுத்தமான கழிப்பறை வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வருகிறவள் இன்னொருத்தர் பெற்ற பிள்ளை, அது நியாயமான நிபந்தனை. ஆனால் வெஸ்டர்ன் கமோடு வைக்காமல் கூப்பிடாதே என்பது நிபந்தனை இல்லை, பவிசு.

"போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம் எல்லாம் வருமே" என்றார் இன்னொருவர். வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிய வேண்டும் என்பது சட்டம். இணையத்திலேயே பதியலாம், தங்கை மகள் செய்துவிடுவாள். 1930-ல் கைரேகை பதிய மாட்டோம் என்று 21 நாள் சுரங்கத்தையே நிறுத்தினவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பாரத்துக்குப் பயப்படுகிறார்களாம். (விசாவுக்காகப் பத்து விரலையும் எத்தனை தடவை கண்ணாடியில் வைத்து அழுத்தியிருப்போம், அது மட்டும் பரவாயில்லை.)

கடைசியாக ஒருத்தர் கேட்டதுதான் உருப்படியான கேள்வி: "செலவு யார் பார்க்கிறது?" நான் வங்கியில் வேலை பார்ப்பவன், எனக்கும் இதுதான் முதலில் தோன்றியது. இங்கே பள்ளி மாணவர்களை ஏற்கும் குடும்பங்களுக்குச் சம்பளம் கிடையாது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாதம் 50 டாலர் வரை வரிக் கணக்கில் நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். காசுக்காக யாரும் பிள்ளையை ஏற்கக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? ஃப்ரிட்ஜ் நிறைந்த வீட்டுக்கு அது தர்மம். செக்யூரிட்டி வேலைக்கு ரயிலில் பெங்களூர் போய் வருகிறவன் வீட்டுக்கு அது பூட்டு. விருந்தோம்பல் என்பது வசதி உள்ளவன் சொத்து என்று யாரும் எழுதாமலேயே சட்டமாகிவிடுகிறது. கல்லூரி மாணவர்களும் மொழி படிக்கப் போகிறவர்களும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பங்களோடு தங்கும்போது வாரத்துக்கு இவ்வளவு என்று சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் கொடுக்கிறார்கள். அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. என் தங்கை கேட்டால் மட்டும் "விருந்தாளிகிட்ட காசா?" என்கிறோம்.

கணக்கு போட்டேன். ஒரு நாளைக்கு 250 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 42 நாளுக்கு 10,500 ரூபாய். வெளிநாட்டில் இருக்கிற 25 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 420 ரூபாய். இங்கத்திய காசில் ஏறக்குறைய 5 டாலர், ஒரு காப்பியும் பன்னும். அறிவுரையை நிறுத்திவிட்டு இதை அனுப்பலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் எல்லாம் கெஸ்ட் ரூம் என்று ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் ஆறு மாதம் அவர்கள் படுப்பார்கள். மீதி ஆறு மாதம் சூட்கேஸ் படுத்துத் தூங்குகிறது. இந்த 24 பேரில் எத்தனை பேர் ஒரு பரிமாற்ற மாணவரை அந்த அறையில் தங்க வைத்திருக்கிறீர்கள்? ஒருத்தர்கூட இல்லை. பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் ஏஎஃப்எஸ் திட்டத்தை 1947-ல் தொடங்கியவர்கள் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள். அடிபட்டவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டின கைகள். அடுத்தவன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்ட பிள்ளை அவன்மேல் குண்டு போட யோசிக்கும் என்று நினைத்தார்கள். பளிங்குத் தரை பார்த்துவிட்டு வா என்று அனுப்பவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் காட்ட தங்கவயலில் என்ன இருக்கிறது என்று ஒரு மச்சான் கேட்டான். 2001-ல் மூடின சுரங்கத்துக்குள் போக முடியாதுதான். ஆனால் பக்கத்து லைன் தாத்தாவைக் கேட்டால் ஏர்பிளாஸ்ட் வந்தால் பாறை எப்படி வெடிக்கும் என்று கையைத் தட்டிக் காட்டுவார். சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே, 1965-ல், பம்பாய் டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள், உலகத்தில் முதன்முதலாகப் பிடித்தவர்களில் அவர்கள் உண்டு. இதைச் சொன்னால் அந்தப் பெண் வாயைப் பிளப்பாள். நம் மச்சானுக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

தங்கையிடம் நேற்று பேசினேன். "இன்னாணா, எல்லாரும் இப்பிடி சொல்றாங்களே, நா இன்னா பண்றது?" என்றாள். கூப்பிடு என்றேன். தினமும் கோழி அடிக்காதே, நீங்கள் சாப்பிடுவதையே போடு, தட்டை அவளையே கழுவச் சொல், சாயங்காலம் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்று உன் மகளுக்குச் சொல்கிற அதே சட்டத்தை அவளுக்கும் சொல் என்றேன். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கட்டில் பார்த்து வைத்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு, அன்றைக்குப் போய் ஏற்றி வருகிறார்கள்.