கலைக்கு ஒரு மணி நேரம்!

"எனக்கும் பாட வரும். எனக்கும் நடிக்க வரும். ஆனால், நேரம் எங்கே இருக்கிறது?"

இப்படிச் சொல்லாதவர்கள் அபூர்வம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்திரத்தின் முன்னால் நிற்பவர் சொல்கிறார். ஆவடியில் காலை மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடுபவர் சொல்கிறார். பூந்தமல்லியில் பஸ்சுக்குக் காத்து நிற்பவரும் சொல்கிறார்.

அவர்கள் சொல்வது பொய் அல்ல. எட்டு மணி நேரம் வேலை. போக, வர இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்தால் குழந்தைகளின் பாடம், கடைக்குப் போகும் வேலை. இதற்கு நடுவே கலைக்கு ஏது இடம்?

ஆனால், நம்முடைய நாடக மேடையின் வரலாற்றைப் பாருங்கள். அங்கே புகழ் பெற்றவர்களில் பலர், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான்!

பகலில் கணக்கு, மாலையில் நாடகம்

கே.பாலசந்தர், சென்னையில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பகலில் கணக்கு, மாலையில் நாடகம். அவருடைய "சர்வர் சுந்தரம்", "நீர்க்குமிழி", "மேஜர் சந்திரகாந்த்" ஆகியவை மேடையில் வெற்றி பெற்றன. பிறகு 1964, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளில் அடுத்தடுத்துப் படங்களாக வெளிவந்தன. நடிகர் நாகேஷ், ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். பூர்ணம் விசுவநாதன், வானொலியில் செய்தி வாசித்தவர்.

அம்பத்தூருக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. பாடி சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலையைப் பலரும் அறிவார்கள். அந்த நிறுவனத்தில் என்ஜினீயராக வேலை பார்த்தவர்தான் கிரேசி மோகன். 1976-ல் "கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்" என்ற நாடகத்தை எழுதினார். அந்த நாடகத்தின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது! 1979-ல் சொந்தமாக நாடகக் குழு தொடங்கினார். 2019-ல் அவர் மறைந்தபோது, தமிழ்நாடே தன்னைச் சிரிக்க வைத்தவரை எண்ணிக் கலங்கியது.

இவர்களுக்கு மட்டும் நாளுக்கு முப்பது மணி நேரமா? இல்லை. நமக்கு இருக்கும் அதே இருபத்து நான்குதான்.

கிடைத்த நேரம் அல்ல

வேலை போக மிச்சம் இருக்கும் நேரத்தில் கலையை வளர்க்கலாம் என்று நினைத்தால், அது வளராது. மிச்சம் என்று ஒன்று எந்த வீட்டிலும் இருப்பது இல்லை. கிடைத்த நேரம் வேறு. ஒதுக்கிய நேரம் வேறு.

நாடகக்காரர்களிடம் ஒத்திகை என்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. "ஆறரை மணிக்கு ஒத்திகை" என்றால், பத்துப் பேர் வந்து நிற்க வேண்டும். ஒருவர் வராவிட்டால் ஒன்பது பேரின் மாலை வீண். அந்தக் கட்டுப்பாடுதான் கலையைக் காப்பாற்றுகிறது. தனியாகப் பாடுகிறவர்களுக்கும், வீணை பழகுகிறவர்களுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். தினமும் ஒரு மணி நேரம். முடியாவிட்டால் அரை மணி நேரம். ஆனால் தினமும்!

யார் கொடுத்த நேரம்?

இங்கே ஒன்றை நாம் மறந்துவிடக்கூடாது. கணவன் ஒத்திகைக்குப் போகிறான். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் யார் இருந்தார்கள்? குழந்தைக்குச் சோறு ஊட்டியது யார்? தாமதமாக வந்தவனுக்குக் கதவைத் திறந்தது யார்? அவள்தான் அந்த நேரத்தை அவனுக்குக் கொடுத்தாள். மேடையில் விழும் கைதட்டலில் அவளுக்கும் பங்கு உண்டு.

அவளும் கல்யாணத்துக்கு முன் பாட்டுக் கற்றிருப்பாள், பரதம் ஆடியிருப்பாள். பள்ளிக்கூட நாடகத்தில் பரிசு வாங்கியிருப்பாள். இன்று அவளுடைய சலங்கை பரண் மேல் கிடக்கிறது. அவளுக்கு நேரத்தைக் கொடுப்பது யார்?

காஞ்சிபுரம் பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கட்டைக்கூத்து, விடிய விடிய நடக்கும் கலை. மரக்கட்டையால் செய்த கிரீடமும் புஜமும் அணிந்து ஆடுவார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவது பழைய வழக்கம். கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபால் 2002-ல் ஒரு குருகுலம் தொடங்கினார். அங்கே பள்ளிப் பாடமும் உண்டு. கூத்துப் பயிற்சியும் உண்டு. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள், வேடம் கட்டினார்கள், ஆடினார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. ஆனால், பெண்ணுக்கும் நேரமும் இடமும் கொடுத்தால் அவளும் கூத்து ஆடுவாள் என்பதை அது காட்டிவிட்டது.

ஆகவே, இன்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தோடு உட்காருங்கள். யாருக்கு எந்தக் கலையில் ஆசை என்று கேளுங்கள். செவ்வாய் மாலை அம்மாவின் பாட்டுக்கு. வியாழன் மாலை அப்பாவின் நாடகத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா பாடும் நேரத்தில் அப்பா அடுப்படியைப் பார்க்கட்டும். பிள்ளைகள் பாத்திரம் கழுவட்டும்.

பரண் மேல் இருக்கும் சலங்கையை யாராவது ஏணி வைத்து இறக்கத்தான் வேண்டும். அதை இன்றே செய்யலாமே!