கைக்கு ஏற்ற காசு எங்கே?

நாணய வித்தை கற்க விழையும் மாணவனுக்கு முதல் தடை கை அல்ல, காசு! செலவழிக்கும் காசைச் சொல்லவில்லை; உள்ளங்கையில் ஒளிக்கும் காசைச் சொல்கிறேன்.

அமெரிக்கரான ஜே. பி. போபோ 1952-இல் வெளியிட்ட நாணய வித்தை நூலைப் படித்த நம் நண்பர்கள், அரை டாலர்தான் வேண்டும் என்கின்றனர். காரணம் இல்லாமல் இல்லை. அதன் குறுக்களவு 30.6 மில்லிமீட்டர். கட்டைவிரல் மேட்டுக்கும் எதிர்ப்புறச் சதைக்கும் இடையே விளிம்பைக் கவ்விப் பிடிக்க அந்த அகலம் தேவை. கடைசி வரிசைக்காரன் கண்ணுக்கும் காசு தெரியவேண்டுமே! இன்றைய ஒரு ரூபாயோ 22 மில்லிமீட்டர்கூட இல்லை. அது என் கையிலிருந்து நழுவும் ஓசையை விடுதியே அறியும்.

பழைய வெள்ளி ரூபாய் 30.5 மில்லிமீட்டர், அருமையான காசு. ஆனால் வெள்ளி விற்கும் விலையில் அதைத் தரையில் போட்டுப் பழக யாரால் இயலும்?

நண்பர்களே, 1985-இல் இந்திரா காந்தி நினைவாகவும், 1989-இல் நேரு நூற்றாண்டுக்காகவும் வெளியான ஐந்து ரூபாய்க் காசுகளைப் பார்த்திருக்கிறீர்களா? செம்பும் நிக்கலும் கலந்தவை. அகலம் 31 மில்லிமீட்டர், எடை 12.5 கிராம். அரை டாலருக்கு அண்ணன்! விடுமுறையில் ஹேடோ சென்றபோது, பாட்டியின் சுருக்குப்பையிலும் தெருமுனைக் கடைக்காரரின் பழைய டப்பாவிலும் தேடி நான்கு சேர்த்தேன். நாணயம் விற்பவரிடம் போனால் தேய்ந்ததையே கேளுங்கள். பளபளப்புக்குத்தான் அவர்கள் விலை சொல்வார்கள். நமக்கோ, உரசும்போது ஓசை குறைந்த தேய்ந்த காசே மேல்.

அதுவும் கிட்டாவிடில் பத்து ரூபாய்க் காசு இருக்கிறது: 27 மில்லிமீட்டர். தமிழ்நாட்டுக் கடைகள் பல அதை வாங்க மறுக்க, 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி விளக்க வேண்டியதாயிற்று. கடைக்காரர் ஒதுக்கியது நமக்குப் பயிற்சிக் கருவி! இருபது ரூபாயும் அதே அகலந்தான். ஆனால் பன்னிரண்டு பக்கங்கள் கொண்டது. விரல்மேல் உருட்ட எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கென வெளிநாட்டுக் காசுத் தொகுதி ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கலாம் என்று சிலர் சொல்கின்றனர். நான் எதிர்க்கிறேன். அறியாத காசு மறைந்தால், "அந்தக் காசில்தான் ஏதோ சூது" என்பான் பார்ப்பவன். தெருவில் வித்தை காட்டுபவர் நம்மிடமே காசு கேட்டு வாங்குவது ஏன்? தன் காசு மறையும்போதுதான் மனிதன் வியக்கிறான்! மேலும், விலை கொடுத்து வாங்கிய தொகுதி ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். முதலாண்டு மாணவன் அதைத் தொடவும் துணியமாட்டான்.

அதற்குப் பதிலாகச் சங்க அறையில் ஒரு டப்பா வைப்போம். பழைய ஐந்து ரூபாய்க் காசுகள் இருபது இருந்தால் போதும். மாலையில் யாரும் எடுத்துப் பழகலாம். என் நான்கில் இரண்டை இன்றே தருகிறேன்.